பல்லுக்குப் போடும் பொடி

சிகரெட் பிடிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பேருந்து நிறுத்தத்தில் யாராவது பற்ற வைத்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போகிற ரகம் இல்லை நான். நேராக எதிரில் போய் நிற்பேன். "தம்பி, வூட்ல புள்ளகுட்டி கீதா? அதுங்களுக்குச் சோறு போட வேணாமா?" என்று கேட்பேன். பாதிப் பேர் கீழே போட்டு மிதித்துவிடுவார்கள். மீதிப் பேர், "இன்னாம்மா, காலங்காத்தால ரோதன" என்று முணுமுணுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்ப் பிடிப்பார்கள். ஆட்டோக்காரர் காதில் பீடி செருகியிருந்தால், வடபழனி போய்ச் சேருகிற வரைக்கும் அது காதிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை நான் படுத்திய பாட்டில், சிகரெட்டை விடுவதா வீட்டை விடுவதா என்று யோசித்து, கடைசியில் சிகரெட்டை விட்டார்.

வடபழனியில்தான் எனக்குப் பிழைப்பு. டப்பிங் பேசுகிறேன். என் முகத்தை யாருக்கும் தெரியாது. திரையில் மகனுக்காக அழுகிற அம்மா, மார்க்கெட்டில் சண்டை போடுகிற காய்கறிக்காரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் "ஐயோ" என்று ஓடுகிற கும்பலில் ஒருத்தி, இவர்களில் எவளாவது ஒருத்திக்குக் குரல் என்னுடையதாக இருக்கும். படத்துக்குப் படம் நிச்சயமில்லை. கூப்பிட்டால் ஓட வேண்டும். கூப்பிடாவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சினிமா இல்லை. புகையிலை விழிப்புணர்வுக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவு. வேனில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போடுவதற்காம். ஒரு தாய் தன் மகனிடம் கெஞ்சுவதுபோல எழுதியிருந்தார்கள். எழுதியது சப்பென்று இருந்தது. நான்தான் உயிர் கொடுத்தேன். "உன்னைப் பெத்த வயிறு எரியுதுடா" என்று நானாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர், அப்போதுதான் வெளியே போய் ஒன்று ஊதிவிட்டு வந்திருந்தவர், "அக்கா, குத்துதுக்கா" என்றார். குத்தட்டும், அதற்குத்தானே பேசுகிறேன் என்றேன். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது ஏதோ ஊருக்கே நல்லது செய்துவிட்டதுபோல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போலப் பொடி போட்டுத்தான் பல் தேய்த்துவிட்டுப் போயிருந்தேன்.

பொடி என்றால் மூக்குப்பொடி. ஆனால் நான் அதை மூக்கருகில் கொண்டுபோனதே இல்லை. தும்மல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆட்காட்டி விரலில் ஒற்றி எடுத்து, கீழ் உதட்டை இழுத்துப் பிடித்து, ஈறில் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் ஒரு காரம் ஏறும். பிறகு தலைக்குள் ஜன்னல் திறந்தாற்போல இருக்கும். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் முடிந்தது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். விடியும் முன்பே பட்டினப்பாக்கத்துக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு வந்து, மந்தைவெளிப் பக்கம் தெருத் தெருவாகக் கூவி விற்றுத் தம்பியை ஆளாக்கினவள். முட்டி தேய்ந்த பிறகு வீட்டோடு இருக்கிறாள். நான் மயிலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கடைவாய்ப் பல் வலியில் உயிர் போய் உயிர் வந்தது. அக்கா தன் இடுப்பிலிருந்து டப்பியை எடுத்தாள். "இத்தக் கொஞ்சம் ஈறுல வச்சு அழுத்து. தல சுத்தும், பயந்துக்காத" என்றாள். சுத்தியது. வலியும் மரத்துப்போனது. பல்லைப் பிடுங்கிப் போட்ட பிறகும் பொடி மட்டும் நின்றுவிட்டது.

எங்கள் காம்பவுண்டில் இருக்கிற பெண்களில் பலர் இப்படித்தான். குழாயடியில் காலையில் நின்று பார்த்தால் ஆளுக்கு ஒரு விரலை வாயில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமலேயே ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். மூக்கில் போட்டால் அது பழக்கம். பல்லில் போட்டால் அது பல் தேய்ப்பது. இதுதான் எங்கள் நியாயம். காலையில் தேய்ப்போம். சாப்பிட்ட பிறகு தேய்ப்போம். மத்தியானம் கொஞ்சம் சோர்வாக இருந்தால் தேய்ப்போம். ரெக்கார்டிங்குக்குள் போவதற்கு முன் பாத்ரூமில் நின்று ஒரு தடவை தேய்ப்பேன். இத்தனை சுத்தமாகப் பல் தேய்க்கிற வீடு மயிலாப்பூரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாங்காய் ஊறுகாய்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. கீழ் உதட்டின் உள்பக்கம் பட்டதும் நெருப்பை வைத்ததுபோல எரிந்தது. அப்புறம் மீன் குழம்பு. அப்புறம் வெறும் ரசம்கூட. அக்காவிடம் சொன்னேன். "எரிஞ்சா எடத்த மாத்துடி. இந்தப் பக்கம் வுட்டு அந்தப் பக்கம் தேயி. நான் எத்தினி தபா மாத்திகிறேன்" என்றாள். மாற்றினேன். கொஞ்ச நாளில் அந்தப் பக்கமும் எரிய ஆரம்பித்தது.

அந்த எரிச்சலைப் பெரிதுபடுத்தாமல் விட்டிருப்பேன், ஆனால் மைக் முன்னால் அகப்பட்டுக்கொண்டேன். ஒரு அம்மா பாத்திரம், நீளமான வசனம். உதட்டோடு உதடு சேரும்போதெல்லாம் சுருக் சுருக்கென்றது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பேசியும் சரியாக விழவில்லை. அதே சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, "அக்கா, வாய்ல புண்ணா? அடையாறுல ஒரு லேடி டாக்டர் கீறாங்க, பொறுமையாப் பாப்பாங்க, போய்க் காமிங்க" என்றார். வாய் போனால் எனக்குச் சோறு போச்சு. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

அந்த கிளினிக் சுவரில் சிகரெட்டுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. நல்ல காரியம் என்று மனசுக்குள் பாராட்டினேன். டாக்டர் என்னைவிடச் சின்னவர். நாற்காலியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"புகையிலை பழக்கம் ஏதாவது இருக்காம்மா?"

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? அதை விடச் சொல்லி ஊருக்கே வேன்ல கத்திக்கிட்டு இருக்கிறவ நான்."

"எல்லாரையும் கேக்கறதுதாம்மா. வெத்தலை, பாக்கு?"

"கல்யாணத்துல குடுத்தாக்கூட முந்தானையில முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்து யாருக்காவது குடுத்துடுவேன்."

அவர் என் உதட்டை மடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கமும் மடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடியை என் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில், ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிப்போன விரல்போல வெளுத்துச் சுருங்கி ஒரு திட்டு. என் வாய்க்குள் இப்படி ஒன்று இருப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"இந்த இடத்துல என்ன வைப்பீங்க?"

"ஒண்ணும் வைக்கிறது இல்லை. பொடி போட்டுப் பல் தேய்ப்பேன், அவ்வளவுதான்."

"என்ன பொடி?"

"மூக்குப்பொடி. பல்லுக்குத்தான். மூக்குல போட மாட்டேன்."

டாக்டர் விளக்கை நகர்த்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அது புகையிலைதானேம்மா" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மூக்குப்பொடி எதில் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பொடிக்கடையில் புகையிலை வாசனைக்கு நடுவில் நின்றுதான் வாங்குகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த விஷயமும் அவர் கேட்ட கேள்வியும் என் மண்டைக்குள் அதுவரை ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. புகையிலை என்றால் புகை வர வேண்டும், ஆம்பளைகள் தெருமுனையில் நின்று இரும வேண்டும். குழாயடியில் நின்று பல் தேய்க்கிற பொம்பளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி வாதாடினேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, அந்த இடத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"கேன்சரா?"

"அப்படித்தான் இருக்கணும்னு இல்லை. இல்லவே இல்லைன்னும் இப்ப என்னால சொல்ல முடியாது. ரிசல்ட் வர அடுத்த வாரம் ஆகும். அதுவரைக்கும் மட்டும் இல்லை, இன்னையிலேர்ந்து எப்பவுமே அதைத் தொடாதீங்க. விட முடியலைன்னா வெக்கப்படாம வந்து சொல்லுங்க, அதுக்கும் வழி இருக்கு."

சதை எடுத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். உதடு மரத்துத் தொங்க, அடையாறிலிருந்து பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டில் இருந்தவரின் சட்டையிலிருந்து சிகரெட் வாடை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கே என்மேல் பரிதாபமாக இருக்கிறது. பயம் ஒரு பக்கம். அதைவிட மோசம், கைக்கு வேலை இல்லாமல் போனது. காலையில் எழுந்ததும் விரல் தானாக உதட்டுக்குப் போகும். தையல் இடித்ததும் திரும்பி வரும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கூட்டின இடத்தையே கூட்டினேன். அலமாரியில் இருந்த துணியை எல்லாம் இழுத்துப் போட்டு மடித்து, மடித்தது பிடிக்காமல் மறுபடி இழுத்துப் போட்டேன். சீரியலை வைத்தால் அதில் பேசுகிற குரலில் குற்றம் கண்டுபிடித்து அணைத்தேன். தலைவலி வேறு. பால்காரரிடம் சண்டை, எதிர்வீட்டுக்காரியிடம் சண்டை, போன் பண்ணி எப்படி இருக்கிறாய் என்று கேட்ட சொந்தத் தங்கையிடம்கூடச் சண்டை.

வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் தெருவில் இறங்கினால் அங்கேயும் அதே கதி. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நேற்று நடந்த வழியில் இன்றைக்குத் தகரம் நிற்கும். லஸ்ஸுக்குப் போக நினைத்தால் சுற்றிக்கொண்டு வேறெங்கோ கொண்டுபோய் விடும். மாட வீதியில் நடந்தால் பொடிக்கடை இருக்கிற பக்கம் கால் இழுத்தது. எதிர்ப்பக்கமாகவே போய், வந்து, மறுபடியும் போனேன். கோயில் குளத்தைச் சுற்றுகிறவர்கள், இந்த அம்மாவுக்கு என்ன வேண்டுதலோ என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டுகிறார். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. அவர் சிகரெட்டை விட்டபோது நான் பேசின பேச்சையெல்லாம் இப்போது வட்டியோடு திருப்பித் தரப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ இஞ்சி மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து கையில் வைத்தார். "வாய் எதையாச்சும் கேட்டுக்கினே இருக்கும். இத்தப் போட்டுக்க. தையல்ல படாம ஒதுக்கிக்க" என்றார். அவர் விட்டபோது அவர் வாயும் இப்படித்தான் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் ஒரு மிட்டாய்கூட வாங்கித் தரவில்லையே என்று தோன்றி அழுகை வந்தது. அழுதால் தையல் வலிக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

அக்காதான் பெரிய தலைவலி. வீட்டில் அந்த வாடை அவளிடமிருந்துதான் வந்தது. சமையற்கட்டில் பக்கத்தில் நின்றால் போதும், எனக்கு நாக்கு ஊறும்.

"அக்கா, நீயும் வுட்டுடு. ஒரு தபா வாயக் காமி, நான் பாக்கறேன்" என்றேன்.

"எனுக்கு இன்னா கேடு? ஒரு பல்லு வுழுந்துகீதா பாரு. கல்லாட்டம் கீது."

"பல்லு இல்லக்கா. உதட்ட மடிச்சுக் காமி."

"அய்ய, போடி அந்தாண்ட." கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் தடதடவென்று வைத்தாள். பிறகு திரும்பினாள். "நேரா சொல்லேன். நான் குடுத்துதான் உனுக்கு இப்டி ஆச்சுன்றே. அதான?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அப்போது யார்மேலாவது பழியைப் போட வேண்டியிருந்தது. அக்கா டப்பியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அவள் மாடிக்குப் போய்த்தான் பல் தேய்த்தாள். அந்த முட்டியோடு ஒவ்வொரு தடவையும் படியேறினாள்.

ரிசல்ட் வாங்கப் போகிற அன்று, கூப்பிடாமலேயே புடவை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஆட்டோவில் போகும்போது திருவிக பாலத்துக் காற்றில், என் பக்கம் பார்க்காமலேயே சொன்னாள்.

"நம்ப தெரு அம்மங்கிட்ட வேண்டிக்கினுகிறேன். உன் வாய்ல ஒண்ணியும் இல்லன்னு வரட்டும், நான் பொடிய வுட்டுடறேன். சாவுற வரைக்கும் தொட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துகிறேன்."

எங்கள் வீட்டில் வேண்டுதல் என்றால் இப்படித்தான். தேங்காய் உடைப்பது, மொட்டை போடுவது எல்லாம் சின்ன விஷயத்துக்கு. பெரிதாகக் கேட்டால், பிடித்தது ஒன்றைச் சாமிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். என் மாமியார் பிள்ளை பிழைத்தால் போதுமென்று பலாப்பழத்தை விட்டவர். அக்காவுக்கு இந்த உலகத்தில் பிடித்தது என்று மிச்சமிருந்தது இந்தப் பொடி ஒன்றுதான். எனக்காக அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். "இதுக்கு எதுக்குக்கா வேண்டுதல், இப்பவே வுட்டுடேன்" என்றேன். "மொதல்ல அவ குடுக்கட்டும்" என்றாள். அம்மனிடமே கறார்.

டாக்டர் அறிக்கையைப் படித்தார். "புற்று இல்லைம்மா" என்றார். மேற்கொண்டு நிறையச் சொன்னார். இப்போதைக்குத்தான் இல்லை என்றார். அந்தத் திட்டு கெட்ட பக்கமாக மாற ஆரம்பித்திருக்கிறது, பொடியை அடியோடு விட்டால் மறையலாம், விடாவிட்டால் அடுத்த தடவையும் இதையே சொல்வேனா என்று தெரியாது, தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். "இல்லை" என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் எனக்குள் இறங்கவில்லை. வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுகிற பெண்களுக்கு எத்தனையோ தடவை குரல் கொடுத்திருக்கிறேன். அக்கா அழுததுபோல ஒரு தடவைகூட நான் அழுததில்லை. சத்தமே வரவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோவை நேராகக் கோயிலுக்கு விடச் சொன்னாள். கற்பூரம் கொளுத்திவிட்டு வெளியே வந்து, இடுப்பிலிருந்த டப்பியைத் திறந்து சாக்கடையில் கவிழ்த்தாள். டப்பியையும் போட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்த பாடுதான், ஆனால் பல மடங்கு. நான் போட ஆரம்பிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே போட்டுக்கொண்டிருந்தவள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் துணியை மடித்துக் கலைத்ததுபோல, அவள் அரிசியைப் புடைத்து, கொட்டி, மறுபடியும் புடைத்தாள். "பேஜாரா கீதுடி, மண்டக்குள்ள எறும்பு ஓட்ற மாரி கீது" என்றாள். டாக்டரிடம் போய்க் கேட்கலாம் என்றால் வர மறுத்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று, அதற்கு மேல் டாக்டர் எதற்கு என்றாள். அந்த வாயைத் திறந்து காட்டவும் மாட்டேன் என்றாள். ஆனால் ஒரு துளி தொடவில்லை.

எனக்கு நேர்மாறாக நடந்தது. தையல் பிரித்தார்கள். ரசம் எரியவில்லை. வடபழனியில் கூப்பிட்டார்கள், போனேன், பேசினேன், நன்றாக விழுந்தது. பயம் இருந்த வரைக்கும் பயமே என் கையைப் பிடித்து வைத்திருந்தது போலிருக்கிறது. பயம் போனதும் ஆசை எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, எப்போதாவது ஒரு தடவை போட்டால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று அது என் குரலிலேயே பேசியது. நான் நன்றாகப் பேசுகிறவள். எனக்கே நான் சொன்னது நியாயமாகப் பட்டது.

ஒரு நாள் ரெக்கார்டிங் முடிந்து வருகிற வழியில், தகரத் தடுப்பு என்னைப் பொடிக்கடைப் பக்கமாகவே திருப்பிவிட்டது. தடுப்பின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஒரு மட்டை வாங்கினேன். வாழைமட்டைச் சருகில் மடித்துக் கட்டிய பொடி. கைப்பைக்குள் வைத்ததும் அந்தப் பை முழுக்கக் கனத்தது. வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து அக்கா படுத்திருந்தாள். நான் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லண்டை போய் நின்று, மட்டையைப் பிரித்து, விரலில் ஒற்றி, உதட்டை இழுத்துத் தேய்த்தேன்.

அந்தக் காரம் ஏறினபோது என்ன சுகமாக இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். அப்பாடா என்று இருந்தது. அத்தனை நாள் அலைந்த அலைச்சல் மொத்தமும் அந்த ஒரு நொடியில் உட்கார இடம் கிடைத்ததுபோல அடங்கியது.

கண்ணைத் திறந்தேன். அக்கா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பொடியை விட்டவளுக்கு அதன் வாடை எத்தனை சுவர் தாண்டியும் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் மெதுவாக நடந்து வந்து கையை நீட்டினாள்.

"குடு."

வாயில் பொடியோடு மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"குடுடி, எனுக்கும் வேணும். அவகிட்ட நான் கேட்டது உன் வாய. அவளும் குடுத்தா. நீ அத்தயே வாணாம்னுட்ட. அப்பால நான் மட்டும் எதுக்குப் பல்லக் கடிச்சுக்கினு கெடக்கணும்?"

அவள் என்னைத் திருத்துவதற்காகச் சொல்லவில்லை. நடிப்பு எது என்று எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். அவள் பார்வை என் முகத்தில் இல்லை, மட்டையின்மேல் இருந்தது. நீட்டின கையில் ஆட்காட்டி விரல் ஒற்றி எடுக்க வளைந்திருந்தது. நான் மட்டும் அந்த மட்டையை நீட்டியிருந்தால் அந்த நிமிஷமே வாங்கிப் போட்டிருப்பாள்.

யாரும் இதுவரை விளக்குப் போட்டுப் பார்க்காத வாய் அது. எத்தனை இடம் மாற்றித் தேய்த்தாளோ, உள்ளே எத்தனை திட்டு இருக்கிறதோ. என் வாயில் போட்டுக்கொள்ள ஒரு நொடிகூடத் தயங்காத எனக்கு, அவளுக்குக் கொடுக்கக் கை வரவில்லை. பல்வலி வந்த அன்றைக்கு அவள் எனக்கு வலிக்கிறதே என்றுதான் கொடுத்தாள், பொடி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு இப்போது எல்லாம் தெரியும். தெரிந்து எப்படிக் கொடுப்பது?

மட்டையைக் கல்லுக்குக் கீழே கழிவுநீர் ஓடுகிற ஜலதாரையில் உதறினேன். குழாயைத் திறந்து, காரம் முழுக்கப் போகிற வரைக்கும் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன்.

"நாளைக்கு அடையாறு போறோம்க்கா. ரெண்டு பேரும் வாயத் தொறந்து காமிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்து நிமிர்ந்தேன்.

அவள் ஜலதாரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.